கழுவாமல் கொண்டு வா

"யாருய்யா இதைக் குளிப்பாட்டினது?"

ஒரு கையில் காப்பியும் இன்னொரு கையில் டார்ச்சுமாக விமானத்தை முழுசாக ஒரு சுற்று வந்து, மூக்குக்குக் கீழே குனிந்து, வயிற்றுக்குக் கீழே மல்லாந்து, எழுந்து நின்று மெக்கானிக் மர்ல் கேட்ட முதல் கேள்வி அது. பார்க்க ஒன்றும் மிச்சமில்லை என்பது போல டார்ச்சை அணைத்துவிட்டான்.

டெல்பர்ட் வோபட் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "நான்தான். சனிக்கிழமை ஒருத்தன் வாங்க வரான், மர்ல். சேறும் சாணியுமா எப்படிக் காட்டறது?"

"வயித்தையுமா கழுவின?"

"வயித்தையும்தான். டிராக்டர் ஷெட்டுல அடுப்பை மூட்டிட்டு ரெண்டு நாளா இதே வேலை. என்ஜினுக்கு டீசல் அடிச்சு பிரஷ் போட்டேன். இடுப்பு போயிடுச்சு."

"உன் இடுப்பு முன்னாடியே போனதுதானே. கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக் கொண்டாந்திருக்க. வருஷா வருஷம் நான் என்ன சொல்றேன்?"

"கழுவாமக் கொண்டு வா," என்று பின்னாலிருந்து ரொவீனா சொன்னாள். டெல்பர்ட்டின் மனைவி. குழம்புப் பானையைக் கொட்டகை அடுப்பின் மேல் வைத்துவிட்டுக் கழுத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மனுஷன் காதுல ஏறினாத்தானே. ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தா, என் தலையணை உறையை வெச்சு டயரைத் துடைச்சிட்டு உக்காந்திருக்கு."

மர்ல் சிரிக்கவில்லை. அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. சட்டப்படி விமானத்தைக் கழுவித் துடைத்த பிறகுதான் வருடச் சோதனை செய்ய வேண்டும். அதை அவனும் மீறுவதில்லை. ஆனால் கழுவுவதற்கு முன்னால் தனக்கென்று ஒரு பார்வை வைத்திருக்கிறான். எங்கள் மாவட்டத்து விமானக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். விமானத்துப் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருப்பார்கள். ஒழுகின பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் சாயம் போகாது, எங்கே ஒழுகியதோ அங்கிருந்து நீலக் கோடாக நிற்கும். ஆணித் தலைக்குப் பின்னால் கறுப்பாக ஒரு வால் நீண்டிருந்தால், அந்த ஆணி தளர்ந்து ஆடுகிறது, ஆடி ஆடித் தகட்டையே மாவாக அரைத்திருக்கிறது என்று அர்த்தம். புகைக்குழாய் இணைப்பில் சாம்பல் நிறத்தில் பூத்திருந்தால் சூடான புகை அங்கே வழி கண்டுபிடித்துவிட்டது. இதையெல்லாம் அழுக்குதான் சொல்லும். துடைத்துவிட்டால் ஆணி தளர்ந்தேதான் இருக்கும், சொல்ல ஆளிருக்காது.

"ஒரு வருஷத்து வாக்குமூலத்தை டீசல் போட்டு அழிச்சிருக்க," என்றான் மர்ல். "சரி. இனி ஒண்ணொண்ணா நானே கேட்டுக்க வேண்டியதுதான். எமெட், கதவைச் சாத்து, காத்து வருது."

எமெட் நான்தான். வோபட் பண்ணைக்கு வடக்கே இருப்பது என் பண்ணை. நடுவில் ஒரு வேலியும் கொஞ்சம் மணல்மேடும். அன்று காலை அந்த விமானத்தை ஓட்டி வந்தது நான். இருபது வருடமாக அதை ஓட்டி வந்த ரொவீனா பக்கத்து இருக்கையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டெல்பர்ட் லாரியில் வந்து சேர்ந்தான். ஹீட்டர் போடுகிற அளவுக்குத் தூரமில்லை. போடவுமில்லை. இறங்கும்போது ஒரே ஒரு முறை, "கொஞ்சம் வேகமா வரே, எமெட்," என்றாள். வேகமாகத்தான் வந்துகொண்டிருந்தேன்.

அவள் ஓட்டாததற்குக் காரணம் ஜனவரியில் நடந்தது.

எங்கள் பக்கத்தில் புல்வெளிக்குப் புல்வெளி ஒரு காற்றாடி நிற்கும். அது சுற்றித் தண்ணீரை மேலே இழுத்துத் தொட்டியில் விடும், மாடுகள் குடிக்கும். குளிர்காலத்தில் காற்றாடி நின்றால் தொட்டி உறைந்துவிடும், உறைந்தால் மாடு தவிக்கும். பனி கிடக்கும்போது லாரியில் போய் எல்லாவற்றையும் பார்த்து வர ஒரு பகல் போதாது. மேலேயிருந்து பார்த்தால் காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். டெல்பர்ட்டின் இடுப்பு கெட்டதிலிருந்து அந்தச் சுற்று ரொவீனாவுடையது. ஒவ்வொரு காற்றாடிக்கும் பெயருண்டு. பள்ளிக்கூடம், செத்த குதிரை, இரட்டை, மாமியார். மாமியார் என்பது எந்நேரமும் முனகிக்கொண்டே சுற்றுகிற காற்றாடி. டெல்பர்ட்டின் அம்மா உயிரோடு இருந்தபோதே ரொவீனா வைத்த பெயர் அது. கிழவிக்கும் தெரியும்.

ஜனவரியில் ஒருநாள் மேலேயிருந்து ரேடியோவில், "மாமியார் நல்லா ஓடுது," என்று டெல்பர்ட்டுக்குச் சொன்னாள். மாமியார் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. தொட்டி அடிவரை உறைந்திருந்தது. அதோடு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விமானம் என் புல்வெளியில் இறங்கியது. சறுக்கியபடி, ஆனால் சேதமில்லாமல். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ரொவீனா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எமெட், எங்க புல்வெளியில நீ என்ன பண்றே?" என்றாள்.

கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தேன். தலை வலிக்கிறது என்றாள். ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டாள். தெளிந்ததும் முகம் வெளுத்துப்போனது, ஏனென்றால் அவள் அம்மா கடைசி ஆறேழு வருடம் பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் கிடந்து செத்தவள். அம்மாவுக்கு அது தொடங்கிய வயசில்தான் ரொவீனா இப்போது இருந்தாள். மூன்று நாள் கழித்து டாக்டரைப் பார்த்தார்கள். ஏப்ரலில் பெரிய ஊரில் ஞாபகச் சோதனைக்கு நாள் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் விமானத்தை விற்றுவிடலாம் என்று சொன்னது ரொவீனாதான். டெல்பர்ட் மறுபேச்சுப் பேசாமல் ஆள் தேடினான். வாங்குகிறவன் புதிதாகச் சோதனை முடித்த விமானம் வேண்டும் என்றான். பழைய சோதனை பிப்ரவரி கடைசி நாள் வரைதான் செல்லும். அதற்கப்புறம் சோதிக்காத விமானம் கோழிக்கூண்டுக்குச் சமம் என்பான் மர்ல்.

இதெல்லாம் தெரிந்துதான் நாங்கள் நாலு பேரும் அந்தக் கொட்டகையில் நின்றோம். 

"பிளக்கைக் கழட்டலாமா? என்ஜின் சூடு ஆறதுக்குள்ள," என்றாள் ரொவீனா.

திருகாணி கழற்றுவது, மூடிகளைத் திறப்பது, இருக்கைகளை வெளியே எடுப்பது எல்லாம் சொந்தக்காரர் வேலை. பார்ப்பதும் கையெழுத்துப் போடுவதும் மர்லின் வேலை. ரொவீனாவுக்கு இதில் கை பழகியிருந்தது. திருகாணிகளை ஒரு அட்டைப் பலகையில் விமானத்தின் படம் வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைப்பாள். அன்றைக்கு எங்களில் யாரையும் ஒரு திருகாணியைக்கூடத் தொட விடவில்லை. கடைசித் தடவை என்று நினைத்திருக்கிறாள்.

முதலில் சிலிண்டர்களின் மூச்சைப் பார்த்தார்கள். இது எனக்குப் பிடித்த பகுதி. பிளக் இருந்த துளையில் ஒரு குழாயை மாட்டிக் காற்றை அழுத்தி விடுவார்கள். குழாயில் இரண்டு முள் உண்டு. ஒன்று எவ்வளவு காற்று அனுப்புகிறோம் என்று காட்டும், அது எண்பதில் நிற்கும். இன்னொன்று சிலிண்டர் எவ்வளவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று காட்டும். குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. எங்கே என்று கண்டுபிடிக்கக் காது போதும். புகைக்குழாயில் உஸ்ஸென்றால் ஒரு வால்வு, உள்ளிழுக்கும் வழியில் கேட்டால் இன்னொரு வால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் வளையம். இந்த நேரமெல்லாம் விமானத்து மூக்கிலிருக்கிற விசிறியை ஒருவர் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். உள்ளே போன காற்று பிஸ்டனைத் தள்ளினால் விசிறி சுழன்று கையை முறித்துவிடும். ரொவீனா இரண்டு கால்களையும் அகட்டி நின்று பிடித்திருந்தாள்.

"எழுபத்தி நாலு," என்றான் மர்ல். "அடுத்தது. எழுபத்தி ரெண்டு. என் ரத்தக் கொதிப்பைவிட நல்லாத்தான் இருக்கு. விடாதே, ரொவீனா."

"விட்டா உனக்கு முன்னாடி எனக்குத்தான் அடி. நீ மெதுவாத் திற."

"போன வருஷம் இந்தச் சிலிண்டர் எவ்வளவு காட்டிச்சு?"

டெல்பர்ட் வாயைத் திறந்தான். "எழுப..."

"அவளைக் கேட்டேன்," என்றான் மர்ல்.

"எழுபத்தி ஒண்ணு," என்றாள் ரொவீனா. பிறகு யோசித்து, "இல்ல, அது நாலாவது. இது எழுபத்தி மூணு." மர்ல் போய்ப் பழைய தாளைப் பார்க்கவில்லை. "சரிதான்," என்று மட்டும் சொன்னான்.

மத்தியானம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். மாட்டுக்கறியும் பீன்ஸும் மிளகாய்த்தூள் போட்டுக் கொதித்த குழம்பு. தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை தடவிச் சுருட்டின இனிப்பு ரொட்டி. வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து இப்படித்தான் சாப்பிடுகிறோம். வெளியே பனி விழவில்லை, ஆனால் கிடந்த பனியைக் காற்று தரையோடு தரையாக ஓட்டிக்கொண்டிருந்தது. தகரச் சுவரில் மணல் உரசுகிற மாதிரிச் சத்தம்.

"வாங்க வர்றவன் யாரு?" என்றான் மர்ல்.

"டென்வர்ப் பக்கம். பல்லு டாக்டராம்," என்றான் டெல்பர்ட்.

"மாட்டைப் பார்த்திருப்பானா?"

"தட்டுல பார்த்திருப்பான்."

ரொவீனா சிரித்தாள். சிரித்துவிட்டு, "ஒண்ணு சொல்லணும், அந்த, அந்த..." என்று மேலே கூரையைப் பார்த்துக் கையை ஆட்டினாள். வார்த்தை வரவில்லை. டெல்பர்ட் கண் இமைக்கும் நேரத்தில், "கூரை ஷீட்டு," என்று எடுத்துக் கொடுத்தான். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து விமானத்திடம் போய்விட்டாள்.

மர்ல் ரொட்டியைப் பிட்டுக் குழம்பில் முக்கினான். "எப்பவும் இப்படித்தான் எடுத்துக் குடுப்பியா?"

"அவ திணறினா பார்த்துட்டு இருக்க முடியுமா?" என்றான் டெல்பர்ட்.

சாப்பாட்டுக்குப் பிறகு ரொவீனா என்ஜினின் வலப்பக்கம் வேலையில் இருந்தாள். அந்த விமானத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு தகர உறை, சட்டை போட்ட மாதிரி. கார் ஹீட்டர் மாதிரி வெந்நீரெல்லாம் இதில் கிடையாது. வெளிக்காற்று உறைக்குள் புகுந்து, பழுக்கக் காய்ந்த சைலன்சரை உரசிச் சூடாகும். இடப்பக்கத்துச் சூடு கார்புரேட்டர் உறையாமலிருக்க. வலப்பக்கத்துச் சூடு குழாய் வழியாக ஆட்கள் உட்காரும் இடத்துக்கு வரும். அதாவது நம் முகத்தில் அடிக்கிற வெதுவெதுப்பான காற்றுக்கும் என்ஜின் புகைக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய தகடு மட்டும்தான்.

உறையின் வெளிப்பக்கம் டெல்பர்ட்டின் கைவண்ணத்தில் கண்ணாடியாக மின்னியது. ரொவீனா திருகாணிகளை எடுத்து, உறையை இரண்டாகப் பிரித்து உருவினாள். பிறகு அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மர்ல், உள்ள எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

உறையின் உட்புறம் டெல்பர்ட்டின் பிரஷ் எட்டாத இடம். அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு கோழி இறகின் அளவுக்குப் பூத்திருந்தது. நடுவில் அடர்த்தியாக, ஓரத்துக்குப் போகப் போக மெலிந்து.

"அட, அது வெறும் தூசி," என்று டெல்பர்ட் பாக்கெட்டிலிருந்து துணியை உருவினான்.

"தொட்டே, கையை உடைச்சிடுவேன்," என்றான் மர்ல்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு உறையைச் சைலன்சரின் மேல் மறுபடி பொருத்திப் பார்த்தான். இறகின் தண்டு எங்கே வருகிறதென்று விரலால் குறித்துக்கொண்டு எடுத்தான். நேர் எதிரே சைலன்சரின் பற்றவைத்த தையல். அங்கே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மர்லுக்கும் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டான்.

"ஊதிப் பார்க்கலாம். ரொவீனா, பாத்திரம் கழுவற சோப்பு கொஞ்சம் வெந்நீர்ல கரை."

கொட்டகை கூட்டுகிற வாக்யூமை உருட்டி வந்தான். அதன் குழாயை இழுக்கும் வாயிலிருந்து கழற்றி ஊதும் வாயில் மாட்டி, மறுமுனையைப் புகைக்குழாயில் துணி சுற்றித் திணித்தான். மெஷினைப் போட்டதும் காற்று புகை வரும் வழியே எதிர்த்திசையில் போய்ச் சைலன்சரை நிரப்பியது. ரொவீனா சோப்புத் தண்ணீரைப் பிரஷால் தையல் மேல் தடவினாள். நாங்கள் மூன்று பேரும் தலைகளை நெருக்கிக்கொண்டு பார்த்தோம்.

ஒன்றுமில்லை. தண்ணீர் வழிந்து சொட்டியது.

டெல்பர்ட் மூச்சு விட்டான். நிம்மதியா ஏமாற்றமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"இரு," என்றான் மர்ல். "குளிர்ல தகரம் சுருங்கி வாயை மூடிக்கும். சூட்டுலதான் திறக்கும்." கையுறை போட்டு, சைலன்சரின் முனையைப் பிடித்து, ஜாடி மூடியைத் திருகுகிற மாதிரி மெல்ல முறுக்கினான். "இப்பத் தடவு."

ரொவீனா தடவினாள். தையலோரம் ஒரு குமிழ் எழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு விரல் நீளத்துக்கு ஒரே வரிசையாக, கோதுமைக் கதிர் மாதிரி, நுரை பொங்கிக்கொண்டு வந்தது. முறுக்கை விட்டதும் அடங்கியது. மறுபடி முறுக்கியதும் பொங்கியது. ரொவீனா அவனை நாலைந்து தடவை செய்து காட்டச் சொன்னாள். டெல்பர்ட்தான் போய் மெஷினை நிறுத்தினான்.

அந்தப் புகையில் இருக்கிற ஒரு வாயுவுக்குத் தனியாக மணமோ நிறமோ கிடையாது. ரத்தம் பிராணவாயுவைவிட அதைத்தான் ஆசையாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மந்தம், பிறகு பார்ப்பது ஒன்று சொல்வது ஒன்று, பிறகு தூக்கம். நல்ல காற்றில் சில மணி நேரம் இருந்தால் மெல்ல மெல்ல ரத்தத்தைவிட்டு விலகிவிடும். மூன்று நாள் கழித்து ரத்தம் எடுத்தால் ஒன்றும் தெரியாது.

"டாக்டர் கேட்டார்," என்றாள் ரொவீனா மெதுவாக. "ஹீட்டர் போடுவீங்களா, புகை கசிய வழி இருக்கான்னு. கேட்டார்தானே, டெல்பர்ட்?"

டெல்பர்ட் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"நீதான் பதில் சொன்னே. உள்ள அட்டை ஒட்டியிருக்கு, நிறம் மாறலைன்னு."

"மாறலையே," என்றான் டெல்பர்ட்.

மர்ல் விமானத்துக்குள் தலையை நீட்டினான். முன்பலகையில் ஒட்டியிருந்த அட்டையின் நடுவே ஒரு பழுப்பு வட்டம். விஷவாயு பட்டால் கறுக்க வேண்டும். "இது மாறாது. இதோட ஆயுசு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். மாத்துன்னு போன தடவையே சொன்னேன். இது செத்து எத்தனை காலமாச்சோ."

"மாத்தணும்னு நினைச்சேன்," என்றாள் ரொவீனா. "மறந்துட்டேன்." சொல்லிவிட்டு அவளே அந்தச் சொல்லில் தடுக்கி நின்றாள். "ஆனா கடையில பாதிரியார் பொண்டாட்டி பேரும் மறந்துச்சு. அன்னிக்கு நான் பறக்கவே இல்லை. அதுக்கு சைலன்சர் என்ன பண்ணும்?"

"பாதிரியார் பொண்டாட்டி பேர் எனக்கும் தெரியாது," என்றான் மர்ல்.

"விளையாடாதே, மர்ல். எனக்கு நிஜமாத் தெரியணும். இது மட்டும்தானா? இல்ல இதோட அதுவும் சேர்ந்திருக்கா?"

"நான் விமானத்துக்குத்தான் கையெழுத்துப் போடுறவன், ரொவீனா. விமானத்துல ஓட்டை இருக்கு. அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்."

அவள் டெல்பர்ட் பக்கம் திரும்பினாள். "வேற எப்பெப்போ?"

"என்னது?"

"நான் மறந்தது, தப்பாச் செஞ்சது. எனக்குத் தெரியாம நீ சரி பண்ணி வெச்சது. உன்னை எனக்குத் தெரியாதா?"

டெல்பர்ட் துணியை இன்னும் இறுக்கிச் சுருட்டினான். பிறகு, "அடுப்பு ஒரு தடவை எரிஞ்சுக்கிட்டே இருந்துது. அணைச்சேன். அப்புறம், கோழிக்குப் போட வேண்டியதை நாய்க்குப் போட்டிருந்தே. செத்த குதிரைப் பக்கத்து வேலி வாசலைத் திறந்து விட்டிருந்தே, மாட்டையெல்லாம் திருப்பி ஓட்டி விட்டேன். உன்கிட்ட சொன்னா ஒடிஞ்சு போயிடுவேன்னு..."

"எந்த நாள்ல?"

"நாளெல்லாம் யாரு..."

"யோசி. அன்னிக்குப் பறந்தேனா, இல்லையா?"

டெல்பர்ட் ஒரு பெட்ரோல் டப்பாவின் மேல் உட்கார்ந்தான். யோசிப்பது அவன் முகத்தில் தெரிந்தது. அடுப்பு எரிந்த நாள் அவள் சுற்று முடித்து வந்து கழற்றாத பூட்ஸோடு சோபாவில் தூங்கிப்போன நாள். கோழித் தீனி, பனிப்புயலுக்கு மறுநாள், மேலேயே அதிகநேரம் இருந்த நாள். வாசல் திறந்து கிடந்தது, அவள் இறங்கி லாரியில் அந்தப் பக்கம் போனபோது. ஒவ்வொன்றையும் விரல் மடக்கிச் சொன்னான்.

"எல்லாம் பறந்த நாள்," என்றான். "எல்லாம் இந்தக் குளிர்காலம். கோடையில ஒண்ணுகூட இல்லை. என்கிட்டயேதான் இருந்திருக்கு. நான்தான் ஒவ்வொண்ணையும் அன்னன்னிக்கே..."

"துடைச்சிட்டே," என்றாள் ரொவீனா.

கோபமாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. போய் அவன் கையிலிருந்த துணியை வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் கொடியில் போட்டாள்.

மர்ல் வேறு சைலன்சருக்குச் சொல்லிவிட்டான். அது வந்து சேருவதற்குள் மிச்சச் சோதனையை முடித்தார்கள். இறக்கைக்குள் கண்ணாடி விட்டு, கம்பிகளை விரலால் வருடி, டயர் கழற்றி. டெல்பர்ட் கழுவிவிட்டதால் வழக்கத்தைவிட இரட்டிப்பு நேரம். அதை மர்ல் ஒவ்வொரு மணிக்கும் ஒருதடவை சொல்லிக் காட்டினான். பல் டாக்டருக்கு டெல்பர்ட் போன் போட்டான். "விக்கலை," என்றான். அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். "வீட்டுல இன்னும் ஓட்டறாங்க," என்று சொல்லி வைத்துவிட்டான்.

புதிய சைலன்சர் ஏறி, மர்ல் கையெழுத்தும் போட்ட பிறகு, ரொவீனா முதலில் தனியாக மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"எமெட், பின்னாடி ஏறு. இல்ல, முன்னாடி வா, உன் பக்கமும் கட்டுப்பாடு இருக்கணும். ஹீட்டரை முழுசாப் போட்டு ஒரு மணி நேரம் சுத்தப் போறேன். நான் ஏதாச்சும் உளறினா நீ இறக்கு."

"நானும் வரேன்," என்றான் டெல்பர்ட். இடுப்பு கெட்டதிலிருந்து அவன் விமானத்தில் ஏறியதில்லை. நானும் மர்லும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பின்னிருக்கையில் ஏற்றினோம். ஒரு மூட்டையை ஏற்றுவது இதைவிடச் சுலபம் என்றான் மர்ல். முன்பலகையில் பழைய அட்டை இருந்த இடத்தில் பேட்டரி போட்ட ஒரு சின்னப் பெட்டியை ஒட்டியிருந்தான். எண் காட்டும். வாயு ஏறினால் அலறும்.

மேலே போனதும் ரொவீனா ஹீட்டர் குமிழை முழுக்க இழுத்தாள். சூடு காலில் அடித்தது. பெட்டி பூஜ்யம் காட்டியது. நான் வெளியே பார்ப்பதைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன். கீழே மணல்மேடுகள் வெளுத்த புல்லோடு, பள்ளங்களில் மட்டும் பனியோடு, அலையலையாகப் போய்க்கொண்டிருந்தன. வோபட் நிலம் வந்தது.

பின்னாலிருந்து டெல்பர்ட், எதையோ சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "அதோ, அது எது?" என்றான்.

"பள்ளிக்கூடம். ஓடுது. தொட்டி நிறைஞ்சிருக்கு."

"அந்தப் பக்கம்?"

"இரட்டை. ஒண்ணு ஓடுது, ஒண்ணு வால் மடங்கி நிக்குது, நாளைக்குப் போய்ப் பாரு. என்ன டெல்பர்ட், பரீட்சையா?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேளு. நானும் அதுக்குத்தான் வந்தேன்."

செத்த குதிரை, மாமியார், இன்னும் நான் கேட்டிராத பெயர்கள். ஒவ்வொன்றும் ஓடுகிறதா நிற்கிறதா, மாடு எந்தப் பக்கம் நிற்கிறது என்று சேர்த்தே சொன்னாள். தென்கோடியில் ஒரு காற்றாடி தனியாக நின்றது.

"இது?" என்றான் டெல்பர்ட்.

ரொவீனா பதில் சொல்லவில்லை. இறக்கையைச் சாய்த்து அதைச் சுற்றினாள். இன்னொரு சுற்று. நான் பெட்டியைப் பார்த்தேன். பூஜ்யம். திரும்பிப் பார்த்தேன், டெல்பர்ட் வாயைத் திறந்து மூடினான். எடுத்துக் கொடுக்க வார்த்தை நாக்கு நுனியில் நிற்பவன் மாதிரி இருந்தான், ஆனால் கொடுக்கவில்லை. 

"டெல்பர்ட்," என்றாள் ரொவீனா கடைசியில், "இது போன கோடையில நட்டது. இதுக்கு நாம இன்னும் பேரே வைக்கலை."

டெல்பர்ட் ஜன்னல் பக்கம் நகர்ந்து கீழே பார்த்தான். பிறகு, "ஆமா இல்ல?" என்றான் டெல்பர்ட். "மறந்தே போயிட்டேன்."

அவள் சிரித்த சிரிப்பில் விமானம் ஒருமுறை குலுங்கியது. நான் கட்டுப்பாட்டில் கை வைத்தேன், அவள் தட்டிவிட்டாள்.

திரும்பும் வழியில், முன்னால் பார்த்தபடியே சொன்னாள். "ஏப்ரல்ல அந்தச் சோதனைக்கு நான் போகத்தான் போறேன். சைலன்சர்னு சொல்லி விட்டுட மாட்டேன். பாதிரியார் பொண்டாட்டி கணக்கு இன்னும் தீரலை."

"நானும் வரேன்."

"வா. ஆனா டாக்டர் என்னைக் கேட்டா நான்தான் பதில் சொல்வேன். திணறினா திணறட்டும், அவர் பார்க்கட்டும். நீ பார்த்ததை உன்னைக் கேட்டா, பார்த்தபடி சொல்லு."

"சரி."

"கழுவாமக் கொண்டு போ."

"சரின்னுட்டேனே."

இறங்கினோம். அவள் விமானத்தை இறக்கியது எனக்குத் தெரியவேயில்லை, சக்கரம் தரையைத் தொட்டது அவ்வளவு மெத்தென்று இருந்தது. கொட்டகை வாசலில் மர்ல் காப்பியோடு நின்றிருந்தான். நானும் அவனுமாக டெல்பர்ட்டை இறக்கினோம். அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விமானத்தின் மூக்கைச் சுற்றி மெதுவாக நடந்தான். வலப்பக்கச் சக்கரத்தின் மேல் புதிதாக ஒரு சொட்டு எண்ணெய் விழுந்து, கறுப்பாக வழிந்திருந்தது.

அவன் கை தானாகப் பின்பாக்கெட்டுக்குப் போய்த் துணியை எடுத்தது. குனிந்தான். குனிந்தபடி நிமிர்ந்து ரொவீனாவைப் பார்த்தான். அவள் கதவருகே நின்று காதுக்குல்லாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள், இவனைப் பார்க்கவில்லை.

துணியை மடித்துப் பாக்கெட்டில் வைத்தான்.

"மர்ல்," என்று கூப்பிட்டான், "இங்க வந்து இதைக் கொஞ்சம் பாரு."